உதட்டு ஒலி

வெள்ளவத்தை, மாலை ஆறரை.
ரயில் போகும்போதெல்லாம்
கிளினிக் கண்ணாடியில் கடல் அதிரும்.
கடைசி நம்பர் பதினேழு: ரொஷாந்தி, இருபத்து மூன்று,
மூன்று மொழியில் மன்னிப்புக் கேட்கும் வேலை,
கோல் சென்டரில்.
இன்று ஒரு மொழியும் வரவில்லை.

வாயைத் திறந்தாள்.
தேத்தண்ணியில் ஊறிய ரஸ்க் மாதிரி நாக்கு.
நடுவில் உருக்குக் குண்டு, பாதி புதைந்து,
ஓரத்தில் மஞ்சள்.
கீழ்க் கடைவாயில் ஒரு முனை உடைந்திருந்தது.
சும்மா இருக்கும்போது கடித்து விளையாடியிருப்பாள்,
எல்லாரும் அப்படித்தான்.

பம்பலப்பிட்டியில் குத்தியது. நாலாயிரத்து ஐந்நூறு.
கையுறை போட்டிருந்தானா?
போனில் எழுதிக் காட்டினாள்:
ஒரு கையில்.

கம்பிக்கும் அடியில் ஓடும் நாளத்துக்கும் இடையில்
ஓர் அரிசி கிடக்க இடமிருந்திருக்கும்.
வீக்கம் பின்னால் இறங்கினால் மூச்சு.
இதை அவளிடம் சொல்லவில்லை,
வழக்கமான கேள்வியைக் கேட்டேன்:
சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்ததா?

அவள் கதவைப் பார்த்தாள்.
கதவுக்கு வெளியே அப்பா.

செல்லமுத்து, புறக்கோட்டையில் நாட்டாமை.
"வந்துச்சு டாக்டர். ஏழு வயசுல.
மாசாமாசம் ஊசி போட்டோம்,
அப்புறம் விட்டுட்டோம்."
மூட்டை சுமந்த தோளை
விட்டுட்டோம் என்ற சொல்லில் சற்று இறக்கினார்.

நாக்கில் நுழைந்தது நாக்கோடு நிற்பதில்லை.
இதயத்தின் வால்வில் பழைய தழும்பிருந்தால்
அங்கே போய்க் குடியேறும்.
நாலு கப்சியூல் கொடுத்தேன்.
ஒரு மணித்தியாலம் பொறுத்துத்தான் கழட்டலாம்,
பிறகு இன்றிரவே பெரியாஸ்பத்திரி.

அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் கேட்டார்:
"எந்தச் சாமிக்கும்மா நேர்ந்துகிட்ட?"
அவள் எழுதினாள். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை.
நான் வாசித்தேன்:
ஒருத்தருக்குமில்லை. எனக்கு.

அவர் கோபிக்கவில்லை. யோசித்தார்.
பிறகு என்னிடம் சொன்னார்,
அவளுக்கும் கேட்கும்படி:

ஆடி மாதம். எண்பத்து மூன்று. பத்தொன்பது வயது.
ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி
இதன் பெயரைச் சொல் என்றார்கள்.
சிங்களத்தில் அதன் முதல் ஒலிக்கு
நம்மிடம் தனி எழுத்தில்லை.
சொன்னார். விட்டார்கள்.
பின்னால் நின்றவர் சொன்னதும் அவருக்குக் கேட்டது.

"நாக்குதான் என்னை வச்சிருச்சு, டாக்டர்.
அதான் வருசா வருசம் வேல் அன்னிக்கு
அத முருகனுக்குக் குத்திக்கிறேன்.
அன்னிக்குப் பூரா பேச மாட்டேன்.
ரத்தம் வராது. திருநீறு வச்சா மூடிக்கும்."

அது உதட்டு ஒலி.
இரண்டு உதடும் ஒட்டிப் பிரிந்தால் போதும்,
நாக்குக்கு அங்கே வேலையில்லை.
இருபத்தாறு வருடமாய் வாய்களுக்குள் பார்க்கிறேன்,
இதை எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

விறைக்க வைத்து, குண்டைத் திருகி, கம்பியை உருவினேன்.
சீழ், கொஞ்சம் இரத்தம்,
அவள் கண்ணில் ஒரு சொட்டு.
குப்பிக்குள் அது கிணுங்கியது.
அப்பா வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார்,
விலை கேட்க வந்தவர் மாதிரி.
"இது எம் வேல்ல பத்துல ஒண்ணு கூட இல்ல."
அவள் வலியோடு சிரிக்கப் பார்த்தாள்.

பெருமை வந்துவிட்டது மனிதருக்கு.
"பாருங்க டாக்டர், ஒரு தழும்பு இருக்கா?"
கதிரையில் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து
வாயைத் திறந்தார்.

இல்லை. நாக்கில் ஒன்றுமில்லை.
வெளிறிய ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

விளக்கை இடப்பக்கம் திருப்பினேன்.
வெற்றிலை அடக்கும் கன்னம்.
உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு, ஐம்பது சதக் குற்றியளவு,
துடைத்தேன், போகவில்லை.
இன்னொருமுறை துடைத்தேன்.

இரண்டு துண்டு எழுதினேன்.
மகளுடையதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
தன்னுடையதை மடிக்கவில்லை.

"மஹரகமவா?"

முதல்ல பாப்பம், என்றேன்.
அந்தச் சொல்லில் உதடு ஒட்டிப் பிரிந்தது
இரண்டு தரம்.