மூக்கை எங்கே வைப்பது

பல் டாக்டர் கேட்டது ஒரு மலை.
நாலடி உயரம், ஆறடி நீளம்,
காத்திருப்பவர்களின் நாற்காலிக்கு மேலே மாட்ட.
"நகரி மலைதான் வேணும், மூக்கு தெரியணும்"
என்றார், என் கடைவாய்ப்பல்லை அடைத்துக்கொண்டே.
வாய் திறந்திருந்ததால்
முடியாதென்று சொல்ல முடியவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே வடிவம்.
மூன்றங்குலச் சதுரம்,
மூலைக்கு மூலை ஒரு தையல்,
பாதி வெளுப்பு, பாதி அடர்த்தி.
இப்படித் திருப்பினால் ஏற்றம்
அப்படித் திருப்பினால் சரிவு
நாலைக் கூட்டினால் காற்றாடி.
வரிசைக்கு இருபத்துநாலு, பதினாறு வரிசை.
முந்நூற்று எண்பத்துநாலு தடவை
ஒரே காரியம்.

பள்ளிப்பட்டு விசைத்தறிக் கூடங்களில்
கழிவு லுங்கி மூட்டையாகக் கிடைக்கும்.
ஏற்கெனவே கட்டம் போட்ட துணி.
அதைத்தான் மறுபடி கட்டம் கட்டமாக வெட்டுகிறேன்.

அடிவாரத்துக்கு மாந்தோப்புப் பச்சை
(அங்கே காய்ப்பதும் கிளிமூக்கு, கவனிக்கவும்).
கொசஸ்தலைக்கு ஒரு வரிசை முழுக்க மணல் நிறம்,
நடுவில் நீலம் இரண்டே துண்டு,
அணை திறக்கிற இரண்டு நாளுக்கு.
சித்திரை வானம் நீலமில்லை,
பத்து வருஷம் வெளுத்த வேட்டி.
செக்போஸ்ட் கழிக்கென்று
சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்று தைத்திருந்தேன்.
எங்கே வைத்தும் பொருந்தவில்லை.
உள்ளே பஞ்சடைத்துக்
குண்டூசி குத்தி வைத்துக்கொண்டேன்.

எல்லாம் வந்தது.
மூக்கு மட்டும் வரவில்லை.
ஒரு துண்டில் வைத்தால் மரு.
இரண்டில், கோயில் கோபுரம்.
மூன்றில் மலையே போய்
எங்கள் தபால்காரர் மல்லாந்து படுத்திருந்தார்.
ஒன்பது நாள் தரையில் நகர்த்திக்கொண்டிருந்தேன்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு.
மே மாதம்.

காஜா போட வருகிற தேசம்மாவுக்கு
மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த ஊர்.
டம்ளரோடு நின்று பார்த்தாள்.
"மூக்கா? எங்க ஊர்லேர்ந்து பாத்தா ஏது மூக்கு?
எத்து படுத்திருக்கும்மா. எருது.
திமிலு இங்க."
கால் கட்டைவிரலால்
பதினோரு துண்டுகளைத் திருப்பிவிட்டு
டீயைக் குடித்து முடித்தாள்.

படுத்திருந்தது எருது.
மேயாமல், அசைபோட்டுக்கொண்டு.

எரிச்சலில் அப்படியே தைத்தேன்.
டாக்டரிடம் என்ன சொல்வதென்று யோசித்தபடி
இஸ்திரி போடும் முன்
கொடியில் விரித்தேன்.
அந்தப் பக்கம் தேசம்மா நின்று
நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.
இந்தப் பக்கம் நான்.
ஐந்து மணி வெயில் துணிக்குள் நின்றது.
"திமில் சாயாம இருக்கா?" என்றாள்.
எனக்கெதிரே
கூர்மையாக, லேசாக நிமிர்ந்து,
மூக்கு.

லுங்கிக்கு உட்புறம் வெளிப்புறம் கிடையாது.
எங்களுக்கு அது தெரியும்,
கட்டுகிறவர்களுக்கும் தெரியும்.
ஆனால் தையலுக்கு உண்டு.
அத்தனையும் பிரித்தேன்.
ஓரங்களை உள்ளே மடித்து
இரட்டைத் தையலாக மறுபடி போட்டேன்.
நடுவில் பஞ்சு வைக்கவில்லை, பின்துணி கொடுக்கவில்லை.
நாற்பத்தாறு நாள் கூடுதல்.
கூலி அதே கூலி.

டாக்டருக்கு மூக்கு பிடித்துவிட்டது.
தானே ஏணி வைத்து மாட்டினார்.
எருது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதை
நான் சொல்லவில்லை.

ஆடியில் தேசம்மாவுக்கு ஒரு பல் பிடுங்கினார்கள்.
கன்னத்தில் பஞ்சோடு வெளியே வந்தவள்
நாற்காலியில் ஏறி,
காத்திருந்த ஏழு பேரும் பார்க்க,
கீழ் மூலையைத் தூக்கி
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
பேச முடியாத வாயால் என்னவோ சொன்னாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து
அவரும் குனிந்து பார்த்தார்.