ஐம்பது மீட்டர்

வீட்டைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குப்
புதர் நிற்கக் கூடாது என்பது இங்கே சட்டம்.
ஏப்ரலில் நானும் பவானந்தனும் கயிறு பிடித்து அளந்தோம்.
நாற்பத்தொன்பதில் ஒரு சூரைச்செடி.
ஆடுகள் முதுகு சொறிகிற செடி.
"கயிறு கொஞ்சம் இழுபட்டிருக்கும்" என்றார் அவர்.
விட்டுவிட்டோம்.

ஆகஸ்டில் கோர்பியேர் குன்றுகளில்
தைலப் போத்தலைத் திறந்துவைத்த வாசம்.
ஐந்தரைக்கு எழுந்தால் முதல் வேலை
பால் கறப்பதல்ல, வரைபடம் பார்ப்பது.
மஞ்சள் என்றால் மதியம்வரை புல் வெட்டலாம்.
சிவப்பு என்றால்
இரும்பு கல்லில் உரசும் எந்த வேலையும் ஆகாது.
பக்கத்துத் தோட்டத்துக் கோம்பஸ்
சுருட்டைப் பற்றவைக்காமலே
உதட்டில் வைத்துக்கொண்டு திரிவார்.
காற்று தொடங்கினால் மூன்று நாள்,
இல்லையேல் ஆறு, இல்லையேல் ஒன்பது,
நடுவில் நிற்காது என்று அவர்தான் கணக்குச் சொன்னவர்.

அது இரண்டாம் நாள்.

"செய்தி காட்டுத்தீ போல் பரவியது" என்று
பள்ளிக்கூடத்தில் வாக்கியம் அமைத்திருக்கிறேன்.
பத்துக்குப் பத்து.
இங்கே தீ முந்தி வந்தது.
செய்தி பதினெட்டு நிமிடம் பிந்தி
தொலைபேசியில் அலறியது.
அதற்குள் கொடியில் கிடந்த வெள்ளைத் துணிகளில்
மிளகு மிளகாய்க் கரி.

முப்பத்தொரு ஆடு. வண்டியில் பத்தொன்பது ஏறும்.
இந்தக் கழித்தலைக்
குளிர்காலத்திலேயே செய்திருக்க வேண்டும்.
கறவைகளை முதலில் என்றார் அவர்.
குட்டிகளை என்றேன் நான்.
இருபத்திரண்டு வருடத்தில்
இவ்வளவு சுருக்கமாக நாங்கள் சண்டை போட்டதில்லை.
கடைசியில் எது கிட்ட நின்றதோ
அது ஏறியது.

பன்னிரண்டு மிச்சம்.
வேலிக் கம்பியை அறுத்து
உழுது கிடந்த திராட்சைத் தோட்டத்துக்குள் விரட்டினேன்.
கோம்பஸின் தோட்டம்.
வேறு நாளென்றால் ஓர் ஆடு நுழைந்தாலே
வக்கீல் கடிதம் வரும்.
அன்று படலைத் திறந்து பிடித்துக்கொண்டு
அவரே நின்றார்.
சுருட்டு அப்படியே.
ஆடுகள் அவர் கொடிகளைத் தின்னத் தொடங்கின.
இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

அடுத்து நான் செய்ததைப்
பவானந்தனிடம்கூடச் சொல்லவில்லை.
கட்டி ஊற்றும் அறைக்குப் போனேன்.
அச்சுகளில் எண்பது பாலாடைக்கட்டி.
மாலையில் திருப்பிப் போடும் முறை.
ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
கூரைக்கு மேலே மஞ்சள் விமானம்
கொஞ்சம் கடலை அள்ளிக்கொண்டு போனது.
சுவரில் மாட்டியிருந்த கரண்டிகள் மணியடித்தன.
அறுபத்தேழு, அறுபத்தெட்டு.
உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்து
ஒன்றை நக்கிப் பார்த்தேன்.

இரவில் காற்று விழுந்தது, கணக்கை மீறி.
தீ சாலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.
நாங்கள் கயிறு பிடித்து அளந்ததை
அது வந்து பார்க்கவேயில்லை.
அந்தப் பக்கம் ஒடிலின் தேன்பெட்டிகள் இருந்தன.
"நாற்பத்தாறு" என்று மட்டும் சொன்னாள்.

வியாழன் சந்தை.
ஒரு சுற்றுலாக்காரி முகர்ந்து பார்த்து,
"புகை போட்டதா? அருமை, இரண்டு கொடுங்கள்" என்றாள்.
ஆமாம் என்றேன்.
விலையில் ஐம்பது காசு கூட்டியும் சொன்னேன்.
பக்கத்தில் ஒடிலின் மேசை,
விரிப்பு மட்டும் விரித்து.
இடத்துக்குக் கட்டின காசு வீணாகக் கூடாது என்று
வந்து உட்கார்ந்திருந்தாள்.

வீடு திரும்பியதும்
சூரைச்செடிக்கென்று வாளை எடுத்தேன்.
வரைபடம் இன்னும் சிவப்பு.
இரும்பைக் கீழே வைத்துவிட்டு
ஆடுகளிலேயே பெருந்தீனிக்காரி,
துறட்டி என்று நாங்கள் கூப்பிடுகிறவளைக்
கொண்டுவந்து செடியோடு கட்டினேன்.
தின்னடி என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.
செடியைப் பார்த்தாள்.
பிறகு திரும்பி நின்று
முதுகைச் சொறியத் தொடங்கினாள்.