இடது கக்கம், பதினோரு சென்டிமீட்டர்

சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி
ரோட்டைத் தாண்டினால் எங்கள் கம்பெனி.
மூன்றாவது லைனில்
நாய்க்குச் சட்டை தைக்கிறோம்.

சிரிக்காதீர்கள்.
பிறந்தநாள் சட்டை இல்லை, குஞ்சம் இல்லை.
மேலே ஆரஞ்சு நைலான்,
உள்ளே மஞ்சளாய் ஒரு முரட்டுத் துணி.
மூன்றே நாளில் கத்திரியை மழுக்கிவிடும்.
கட்டிங் மாஸ்டர் தேவசகாயம் அதன் பெயரைச் சொல்வதில்லை.
"அந்தப் பாவியை எடு" என்பார்.

அமெரிக்காவில், பனிமலையில்,
மலைச்சிங்கம் தேடிப் போகிற நாய்களுக்காம்.
பிடரி இல்லாமல் என்ன சிங்கம் என்று கேட்டேன்.
ஷூவில் பாயுமே, அந்தப் பூனை என்றாள் ரஹ்மத்நிஷா.
மோப்பம் பிடித்துத் துரத்தி
மரத்தில் ஏற்றிவிட்டு
ஆட்கள் வரும்வரை கீழே நின்று குரைக்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
நல்ல நாய் கிட்டே போகாதாம்.
கிட்டே போகிற நாய்க்குத்தான் சட்டை.

அளவு பார்க்க ஆள் வேண்டுமே.
கேட் எதிரில் டீக்கடைக் கரிக்கட்டை வரும்,
ஒரு பட்டர் பன்னுக்கு.
கழுத்து பதினெட்டு அங்குலம், மார்பு இருபத்தெட்டு.
முன்னங்காலைத் தூக்கிக் கக்கத்தில் டேப் வைத்தால்
கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஐப்பசியில் ஒரு சட்டை திரும்பி வந்தது.
துவைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.
முதுகில் நாலு கோடு,
பாவித் துணி தாங்கியிருந்தது.
இடது கக்கத்தில்
தையல் விட்டிருந்தது.
பதினோரு சென்டிமீட்டர் என்று தாளில் எழுதி
சிவப்பில் வட்டம்.

உள்பக்கம் ஆபரேட்டர் எண் இருக்கும்.
இருபத்தேழு.
நான்.

எந்த நாள் என்றுகூட எனக்குத் தெரியும்.
பாபின் நூல் முடிகிற நேரம்,
ஆறு நாற்பது ரயில்,
மழை வேறு.
ஓரத்தில் திருப்பி ஒரு தையல் போட்டிருக்க வேண்டும்,
மூன்று நொடி.
பையனுக்கு டியூஷன் ஃபீஸ் கட்டவேண்டிய நாள் அது
என்று யாரிடம் சொல்ல?
நாயிடமா?

அந்த நாய் என்ன ஆச்சு என்று
மெயிலில் கேட்கச் சொன்னேன்.
மெர்ச்சண்டைசர் நப்பின்னை என்னை ஒருமாதிரி பார்த்தாள்.
கேட்டாள், பாவம், நல்ல பெண்.
பதில் வந்தது:
கக்கத்துக்கு இரட்டைத் தையல்,
அடுத்த ஆர்டர் அறுநூறு,
கப்பல் ஜனவரி பத்து.

அதன் பிறகு சோறு இறங்காமல் எல்லாம் இல்லை. இறங்கியது.
ராத்திரியில் மட்டும்
பார்த்தேயிராத பனியில் ஒரு பெட்டை நாய்
(பெட்டை என்று யார் சொன்னது?)
கிட்டே போகிறது.
மேலே கிளையில் இன்னொன்று,
அதற்கும் மூச்சு வாங்குகிறது.
அதற்குச் சட்டை தைக்க
எந்தக் கம்பெனிக்கும் ஆர்டர் வரவில்லை.

இப்போது மூன்று முறை திருப்பித் தைக்கிறேன்.
மணிக்குப் பதினாலு வரவேண்டிய இடத்தில் பதினொன்று.
சூப்பர்வைசர் போர்டில் என் எண்ணை எழுதி
அடிக்கோடு போடுகிறார்.
போடட்டும்.

திரும்பி வந்ததைக் கழிவில் போடச் சொன்னார்கள்.
டிபன் பைக்குள் சுருட்டி
செக்யூரிட்டி பார்க்காததுபோல் பார்க்க
வெளியே கொண்டுவந்தேன்.
தெருவிளக்கடியில் உட்கார்ந்து
கையாலேயே தைத்துக் கரிக்கட்டைக்கு மாட்டினேன்.
நாலு கோட்டை மட்டும் விட்டுவிட்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சிங்கம் இல்லை.
தண்ணி லாரி இருக்கிறது.
நேற்று ராத்திரி மழையில்
கறுப்பு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது,
ஆரஞ்சைப் பார்த்து டிரைவர் பிரேக் அடித்து இறங்கி
டீக்கடைக்காரரின் அம்மாவரைக்கும் திட்டினாராம்.

காலையில் கேட்டில் நின்றது.
பன் கொடுத்தேன்.
குனிந்து
இடது கக்கத்தில் விரல் விட்டுப் பார்த்தேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டது.