இரண்டாவது கியர் மட்டும்

பியெல்லாவில் பல் செய்பவன் நான்.
வைத்தியன் இல்லை. வைத்தியர்கள் அனுப்பும் அச்சில்
பல் வார்ப்பவன்.
தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு
இரவில் மாட்டிக்கொள்ளும் தகடும் செய்து தருவேன்.
தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்,
யார் எந்தப் பக்கம் படுக்கிறார்,
யாருக்கு எவ்வளவு கடன் என்று.
முக்கால்வாசி பொய். நம்புவார்கள்.

என் காரும் பல்லைக் கடித்தது.
ஆல்ஃபா, இரண்டே இருக்கை, எண்பத்து நான்காம் வருடத்து வண்டி.
சிவப்பா என்று கேட்பீர்கள். சாம்பல்.
முதல் கியர் வெண்ணெய்.
மூன்றும் நான்கும் சொன்ன பேச்சுக் கேட்கும்.
இரண்டில் போட்டால் மட்டும்
நறநறவென்று
பெட்டிக்குள் யாரோ மணலை மெல்வார்கள்.
கியர்த்தண்டு வழியே அது ஏறி
முழங்கையில் வந்து கூசும்.

மெக்கானிக் ஒரெஸ்தே காதைச் சாய்த்துக் கேட்டான்.
"சின்க்ரோ வளையம். பித்தளை தேய்ந்துபோச்சு.
சுத்துற ரெண்டும் ஒரே வேகத்துக்கு வருமுன்னே
பிடித்து இழுத்துச் சேர்த்து வைத்தால்
எதுதான் கத்தாது?"
பெட்டியை இறக்க ஆயிரத்து எண்ணூறு யூரோ.
இறக்காமலிருக்க யோசனை இலவசம்:
கிளட்சை மிதி, நியூட்ரலுக்கு வா, காலை எடு,
மறுபடி மிதி, பிறகு போடு.
பொறுமை இல்லையென்றால்
எண்ணெய் சூடேறும்வரை இரண்டை மறந்துவிடு.

மறந்தேன்.
ஆறு குளிர்காலம்
ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவினேன்.
ஒரோப்பா ஏற்றத்தில் எஞ்சின் குலுங்கித் திணற
பின்னால் பேருந்துக்காரன் ஹாரனில் திட்டினான்.
வீட்டிலும் எங்களுக்கு அப்படி ஒரு கியர் இருந்தது.
ஓர்னெல்லாவும் நானும் காலையில் அதைத் தொட மாட்டோம்.
அவள் போனபோது கூட
சத்தம் எதுவும் வரவில்லை.

பிப்ரவரியில் விற்பனைக்கு வைத்தேன்.
வெர்செல்லியிலிருந்து ஒரு பெண், நீவெஸ்,
ஞாயிறு பத்து மணிக்கு வருவதாகச் சொன்னாள்.
ஒன்பதுக்கே வண்டியை எடுத்தேன்.
மலையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி,
இரண்டு எண்ணெயில் நழுவி விழும்வரை ஓட்டிவந்து
இருந்த இடத்திலேயே நிறுத்தினேன்.
டயரில் ஒட்டிய பனிச்சேற்றைக்கூடத் துடைத்தேன்.

அவள் கதவைத் திறக்கவில்லை.
கையுறையைக் கழற்றி
எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பது போல.
"கடைக்குப் போய்வந்தேன்" என்றேன்.
"ஞாயிற்றுக்கிழமையா?"

பிறகு கோபமே இல்லாமல்,
"நாளை ஆறு மணிக்கு வர்றேன்.
ராத்திரி வெளியிலேயே நிற்கட்டும்.
போர்வை போடாதீங்க."

இரவு மைனஸ் நான்கு.
காலையில் என் தாடை வலித்தது.
நாக்கால் தடவிப் பார்த்தேன்:
கீழ்வரிசை, இடப்பக்கம்,
நானே இன்னொருவருக்குக் காட்டி விளக்கும்
அதே தட்டையான தேய்மானம்.

ஆறு அடிக்கையில் வந்தாள்.
பக்கத்து இருக்கையில் நான். அந்தப் பக்கம்
உட்கார்ந்து வருடங்களாகின்றன.
ஒன்று. இரண்டு.
தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது.
"ஆ, இதுதானா" என்றாள்,
பெயர் மறந்த ஒருவரைச் சந்தையில் பார்த்தவள் மாதிரி.

அடுத்த முறை மூன்றிலிருந்து இறங்குகையில்
நியூட்ரலில் காலை எடுத்து
ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டினாள்.
எஞ்சின் எழுந்து நின்றது. மிதித்தாள். போட்டாள்.
சத்தமில்லை.
குளிர்ந்த பெட்டியில், விடியாத காலையில்,
சத்தமில்லாமல் இரண்டு.

"எங்க நெல்வயல் டிராக்டருக்குச் சின்க்ரோவே கிடையாது.
நாமதான் அதோட வேகத்துக்குப் போகணும்.
இல்லாட்டி வயல் நடுவுல நின்னு கத்தும்."

ஆயிரத்து எண்ணூறைக் கழித்து எண்ணினாள்.
நான் பேரம் பேசவில்லை.
சாவியோடு போர்வையையும் கொடுத்தேன். போர்வை வேண்டாமென்றாள்.

தெருமுனை வளைவில்
இரண்டு போட்டே ஆகவேண்டும்.
வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
குப்பை லாரி வந்து
எல்லாவற்றையும் மூடிவிட்டது.