நாற்பத்தொன்று

ஆப்வில்லுக்குத் தெற்கே
சாலை முடிந்து தவளை தொடங்கும் இடத்தில்
படகை அவிழ்த்தார் ஒசெமே திராஹான்.
"மெல்லப் பேசு. இந்தத் தண்ணீருக்குக் காது உண்டு."

மார்புவரை ரப்பர் கால்சட்டை, கழுத்தில் பென்சில்.
நான் அரசாங்கச் சம்பளத்துக்குப் பூ எண்ணுகிறவள்.

சைப்ரஸ் மரங்கள் முழங்காலை மட்டும்
வெளியே நீட்டியிருந்தன.
நடுவில் அது:
ஊறிய செங்கல்லின் சிவப்பு,
இதழ் மடியும் இடத்தில்
துடைக்க மறந்த ஒயின்.

ஐரிஸ்தான். ஆனால் குலம் கேட்டால்
மூன்று பேர் வாசலில் வந்து நிற்பார்கள்.
ஆற்றோரத்துச் செம்புநிறக்காரி,
உப்பங்காற்று படும் பக்கத்து நெடிய நீலம்,
கோணல்மாணலாய்த் தண்டு போகும் குட்டைச்சி.
எந்த வெள்ளத்தில் சந்தித்தார்கள்,
எந்த வண்டின் காலில் ஏறிப் போனார்கள்,
சாட்சி கிடையாது.

என் படிவத்தில் 'பெற்றோர்' என்று
இரண்டே கட்டங்கள்.
ஒசெமே எட்டிப் பார்த்தார்:
"என்னை எழுதவும் அந்தத் தாள் போதாது."

போன செப்டம்பரில் கடல் உள்ளே வந்து
மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது.
அதற்கு முந்தைய கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
இன்று நாற்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன், நாற்பது.
ஒன்றின் மேல் நீர்ப்பாம்பு சுருண்டு
வெயில் காய்ந்துகொண்டிருந்தது.
அதையும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்தோம்.
சேற்றிறால் பொறிகளின் குவியலுக்குப் பின்னால்
சிங்கப் பாதம் வைத்த பழைய குளியல்தொட்டி,
நான்கு அடுக்குக் கல்மேல்.
கொட்டகைச் சுவரில் கடல் விட்டுப்போன கோடு;
தொட்டியின் அடி
அதைவிட ஒரு சாண் உயரம்.

தொட்டி நிறையச் சேறு.
சேற்றில் பதினோரு குருத்து, ஒரு பூ.
மஞ்சள்!
நான் படித்திருந்தேன், பார்த்ததில்லை.

"புயலுக்கு முந்தின ராத்திரி," என்றார்,
நகக்கண் மண்ணைப் பின்னால் மறைத்துக்கொண்டு,
இத்தனை மாதம் கழித்தும்.

வேரோடு பிடுங்குவது குற்றம் என்ற துண்டறிக்கை
என் பையில் ஐம்பது பிரதி இருந்தது.
ஒரு ரீங்காரச்சிட்டு வந்து
யாரையும் கேட்காமல் மூக்கை நுழைத்தது.

பென்சிலைச் சீவினேன்.
நிதானமாகச் சீவினேன், வெளிச்சம் குறையும்வரை.
நாற்பத்தொன்று என்று எழுதி
அடியில் கையெழுத்துப் போட்டேன்.

தொட்டியின் வடிகால் துளை
திறந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"அடைத்திருக்கிறேன்," என்றார்.
"காலுறையால்."