காந்தம் குறைந்தது

கல்முனை பஸாரில், றஸீன் காக்காவின் கண்ணாடி மேசையில்
இரண்டு வூஃபர் மல்லாந்து கிடந்தன.
ஒன்றின் காந்தம் சோற்றுச் சட்டி அளவு.
"இதக் கொண்டு போங்க, சுவரே அதிரும்."

என்னிடம் பெட்டி இல்லை காக்கா.
ஒரு பலகை, அதில் ஒரு ஓட்டை.
கூம்பின் முன்னால் எழுகிற ஒலியும் பின்னால் எழுகிறதும்
பலகை விளிம்பில் சந்தித்து
ஒன்றையொன்று தின்றுவிடும்.
ஆறு மாதமாய் என் வீட்டில்
தவில் என்றால் தகர டப்பா.

மற்றதைத் தூக்கினேன்.
பதினைந்து அங்குலம், எங்கோ கழற்றியது,
காந்தம் சிரட்டை போல.
கூம்பை விரலால் மெல்ல அமத்தி விட்டேன்.
சட்டென்று நிற்கவில்லை,
கொஞ்சம் ஆடித்தான் அடங்கிற்று.
இது போதும்.
இறுக்கிப் பிடிக்கிற காந்தத்துக்கு
பெட்டி வேணும்.

காக்கா சிரித்துக்கொண்டே அரைவிலை சொன்னார்,
பைத்தியத்துக்குச் சொல்கிற மாதிரி.

பாண்டிருப்பில் இரவு.
சுவரிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தினேன்.
"நடு வீட்டில கதவு நட்டிருக்கிறீங்க" என்று
சுபாஜினி சுற்றிச் சுற்றி நடந்தாள்,
கையில் ரொட்டிமா.

தவில் தொடங்கியது.
அவள் நின்றாள்.
மாக்கையைப் பலகைக்குப் பின்னால் நீட்டி,
தொடாமல்,
"இந்தப் பக்கமும் அடிக்குது" என்றாள்.