வடகடல், தென்கடல், ஷாப்லி

மண்டபத்தில் கணவாய் முகர்வது என் வேலை.
இருபத்திரண்டு வருஷம்.
பெட்டி திறந்ததும் குனிவேன்,
நிமிர்வதற்குள் தெரிந்துவிடும்
எத்தனை மணி நேர ஐஸ்,
எவன் பொய் சொல்கிறான்.

கண்டெய்னர் போகும் ஊர்களில் ஒன்று பிரான்சில்.
அங்கே என் கணவாயோடு
என்ன குடிக்கிறார்கள் என்று
புயல்கூண்டு ஏற்றிய ஒரு நாள்
போனில் தேடினேன்.
அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் குடி என்றால்
அப்பாவின் சட்டை.
அதற்கு ஒரே மணம், பெயர் தேவைப்படவில்லை.
இவர்களோ ஒரு மிடறுக்கு
எலுமிச்சைத் தோல், ஈரக்கல், வெண்ணெய்,
தீக்குச்சி உரசிய நொடி என்கிறார்கள்.
சிரித்தேன்.
நானும் அதைத்தானே எழுதுகிறேன்,
ரெஜிஸ்டரில், சம்பளத்துக்கு
என்று உறைத்தபோது
சிரிப்பு பாதியில் நின்றது.

முதலில் எழுத்து.
எழுதுவார்கள், சொல்லமாட்டார்கள்;
வார்த்தையின் வால் பாதி நேரம் ஊமை.
திராட்சையின் பெயரைத் தேடினால்
ஊரின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது.
சரிவில் இருக்கும் தோட்டத்துக்கு ஒரு விலை,
அடிவாரத்துக்கு ஒரு விலை,
நடுவே ஒரு வண்டித்தடம்.

ஏமாத்து வேலை என்றான்
படகு மெக்கானிக் ரைனோல்டு.
வடகடல் நண்டும் தென்கடல் நண்டும்
உனக்கு ஒண்ணா என்றேன்.
நடுவே ஒரு ரோடும் தண்டவாளமும்தான்.
பேசாமல் ஸ்பானரைத் துடைத்தான்.

வருஷமும் அப்படியே.
வாடை முந்திய வருஷம், கச்சான் ஓயாத வருஷம் என்று
நாம் பாடு சொல்வதுபோல்
அவர்கள் சொல்கிறார்கள்
உறைபனியில் துளிர் கருகிய வருஷம்.

ஷாப்லியில் மண்ணைக் கொத்தினால் சிப்பி.
கடல் விலகிப் பதினைந்து கோடி வருஷம்,
கல்லாகிப்போன குட்டிச் சிப்பிகள்,
அதில் வேர்விட்ட கொடி.
படித்த இரவே முடிவுசெய்தேன்.
நாலு படியில் மூன்றாவது.
நாலாயிரத்து எண்ணூறு, ஒரு மாதச் சீட்டு.

பாண்டிச்சேரிக் கடைப் பையன்
லேடீஸுக்கு இனிப்பா இருக்கு மேடம் என்றான்.
படுக்க வெச்சதா, நிறுத்தி வெச்சதா என்று கேட்டேன்.
வெயில் விழும் அலமாரியில் எதையும் தொடவில்லை.
கழுத்தில் கசிவு, மட்டத்தில் இறக்கம்,
தூக்கி நிற்கும் கார்க்
எல்லாம் பார்த்தேன்,
செவுள் தூக்கிப் பார்ப்பதுபோல்.

திரும்பும்போது தெர்மகோல் பெட்டி, உள்ளே ஐஸ்.
கண்டக்டர் மூக்கைச் சுளித்து மீனா என்றார்.
மீன்தான் என்றேன்.
லக்கேஜ் முப்பது ரூபாய்.

கார்க் திருகி இல்லை.
ரைனோல்டின் ஸ்குரூ, குறடு, கெட்ட வார்த்தை;
பாதி கார்க் உள்ளே விழுந்தது.
லேப் குவளையை மூன்று தடவை கழுவினேன்,
அப்படியும் குளோரின்.

முதல் மிடறு புளிப்பு.
கெட்டுப்போச்சுக்கா, திருப்பிக் குடு என்றான்.
எனக்குள்ளும் அந்தச் சட்டை
கொடியில் ஒருமுறை அசைந்தது.

வைத்துவிட்டேன். குளிர் இறங்கட்டும்.
கடுங்குளிரில் கணவாயே மணக்காது.
பத்து நிமிஷம் கழித்துக் குனிந்தேன்,
பெட்டிக்குக் குனியும் அதே முதுகோடு.

நார்த்தங்காய் கீறிய விரல்.
அதற்கு அடியில்,
சங்கு குவித்த வெற்றிடத்தில்
கோடைமழையின் முதல் ஐந்து துளி.

உப்பும் மிளகும் புரட்டிச் சுட்ட கணவாய் ஒரு துண்டு,
மறுபடி ஒரு மிடறு.
புளிப்பு எங்கே போனதென்று
இருவரும் பாட்டிலைப் பார்த்தோம்.

ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
நிறம்: வைக்கோல் வெளுப்பு.
மணம்: சிப்பி, நார்த்தை.
குளோரின் நம்முடையது.
பிடித்த கடல் என்ற கட்டத்தில்
பேனா நின்றது,
பிறகு எழுதியது:
போய்விட்டது.

மீதி ஐஸ் ரூமில்,
ஒன்பதாம் தட்டில் இருக்கிறது.
நாளை எப்படி மணக்குமோ,
யாரும் தொட வேண்டாம்.